வெள்ளத்தில் முங்கின கேம்பர் வண்டி விற்பனைக்கு நிற்கிறது, பார்த்து வாங்குங்க

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பழைய டபுள் கேபின் வண்டி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்போது முங்கின வண்டிகள் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, பெயின்ட் அடித்து, புது சீட் கவர் மாட்டி விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

களக்காட்டில் வாழை போட்டிருக்கிறேன். வேலையாட்கள் நாலு பேரும் பின்னால் உரமோ வாழைத்தாரோ ஒரு டன்னும் ஒரே நடையில் போக பொலேரோ கேம்பர்தான் தோது. நெல்லைக்கு வெளியே பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2019 மாடல் நின்றது. டி.என். 69 (தூத்துக்குடி) பதிவு, ஒரே ஓனர், மஞ்சள் போர்டு, விலை நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

"வெள்ளத்துல மாட்டுன வண்டியா தம்பி?" என்று நேராகவே கேட்டேன்.

"அண்ணாச்சி, என்ன இப்படி கேட்டுட்டீங்க? அந்த நேரம் வண்டி மதுரைலல்லா ஓடிட்டு இருந்துச்சு. எஃப்.சி.யே 2025 வரைக்கும் இருக்கு, பாத்துக்கிடுங்க."

இந்த எஃப்.சி. கதையை, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருஷா வருஷம். இந்த வண்டிக்குக் கடைசியாக எஃப்.சி. காட்டியது 2023 நடுவில், அதாவது வெள்ளத்துக்கு முன்னால். தாள் சுத்தமாக இருந்தது, பொய்யும் இல்லை. ஆனால் டிசம்பருக்குப் பிறகு வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சியே கிடையாது. விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்காமலே எடுத்து நீட்டினார்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஹார்ன் போனது, ஒரு பக்கம் இண்டிகேட்டர் போனது, டேஷ்போர்டில் விளக்குகள் தானாக எரிந்து அணைந்தன. ஓணத்துக்கு முந்தைய வாரம், ஏத்தன் வாழை நல்ல விலைக்குப் போகிற நேரம், நாகர்கோவில் சந்தைக்கு லோடு ஏற்றிப் போகையில் பணகுடி தாண்டி இன்ஜின் அப்படியே அணைந்தது. எத்தனை தடவை செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை. வேறு வண்டி பிடித்து மாற்றி ஏற்றியதில் தார் அடிபட்டு, நேரம் போய், வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டி இழுத்து வள்ளியூரில் ஒரு பட்டறையில் விட்டோம். மெக்கானிக் அண்ணன் ஒயர்களை இணைக்கும் கப்ளர் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருக்கிற கம்பி முனை எல்லாம் பச்சைக் களிம்பு. அப்புறம் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இருக்கிற ஒரு ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் கிளறினார். காய்ந்த வண்டல் பொலபொலவென்று கொட்டியது. "சீட்டு மட்டத்துக்குத் தண்ணி நின்னுருக்கு அண்ணாச்சி. ஒயரிங் முழுசும் மாத்தணும். ஒண்ண சரி பண்ணா அடுத்தது போவும்" என்றார். இன்ஜின் ஆயில் புதுசாகப் பளிச்சென்று இருந்தது, ஏனென்றால் டிப் ஸ்டிக்கை எல்லாரும் இழுத்துப் பார்ப்பார்கள். பின் கிரவுன் (பின்சக்கர அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயிலை யாரும் பார்ப்பதில்லை. அதைத் திறந்தபோது பால் ஊற்றிய காபி நிறத்தில் ஒழுகியது. கிரவுனுக்கும் கியர் பாக்ஸுக்கும் மேலே மூச்சுவிட ஒரு சின்ன வழி உண்டு; வண்டி முங்கினால் அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

ஆகவே வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்டையும் டயரையும் பார்ப்பதோடு விடாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில் மண்கறை தெரியும். பின்சீட்டைத் தூக்கச் சொல்லி, சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, தரையில் ஒட்டிய பஞ்சு மட்டும் புதுசாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷம் உழைத்த வேலை வண்டிக்கு உள்ளே எல்லாம் புதுசு என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்ற கோடு இருக்கலாம். கண்ணாடியை ஏற்றி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்ததும் சேற்று நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். சென்ட் பாட்டிலை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், அந்த நாற்றத்தை மறைக்கத்தான் அதைத் தொங்க விடுகிறார்கள். கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் சேஸ் ஓட்டையில் விட்டுப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தாளில் பார்க்க வேண்டியது பழைய ஓனரின் இன்சூரன்ஸ். 2023 டிசம்பரில் நடப்பில் இருந்த பாலிசியும் அதற்கு அடுத்ததும் இரண்டையும் கேளுங்கள். முதல் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காதவருக்குத் தரும் தள்ளுபடி) இருந்து, அடுத்ததில் அது காணாமல் போயிருந்தால் இடையில் கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளத்தில் போன வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முழுத்தொகை கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் தள்ளிவிடுவதும் உண்டு. என் வண்டிக்குப் புதிதாகப் போட்ட தேர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும்தான் தந்தார்கள்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி தன் கைக்கு வந்ததை அங்கே பதிவும் செய்ய வேண்டும். நான் வாங்கிய இடத்தில் அது எதுவும் இல்லை. பழைய ஓனரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் நேராக என் பெயரை எழுதிவிட்டார்கள். தாளைப் பார்த்தால் ஓனர் எனக்கு விற்றது போலத்தான் இருக்கிறது, நடுவில் கன்சல்டிங் என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது. போய்க் கேட்டபோது அந்தத் தம்பி அதைத்தான் சொன்னார்: "நாங்க சும்மா காட்டிவிட்டது தானே அண்ணாச்சி, ஓனர்ட்ட கேளுங்க." டெலிவரி நோட்டில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரியையும் காட்டினார். ஆனால் அட்வான்ஸும் கமிஷனும் கன்சல்டிங் கணக்குக்குத்தான் ஜிபேயில் போயிருக்கிறது. அந்த விவரமும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய 'மதுரை வண்டி' ஆடியோவும் என்னிடம் இருக்கின்றன.

இரண்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மஞ்சள் போர்டு என்பதால் 'வணிக நோக்கம், நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும் என வக்கீல் முன்பே சொல்லிவிட்டார். சொந்தப் பிழைப்புக்காக வாங்கியது என்று காட்ட களக்காட்டு நிலத்தின் பட்டா நகலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். கன்சல்டிங்குக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.