கேற்றுத் திறப்பும் நல்லெண்ணெயும்: அம்மாவுக்கு இரண்டரை வருஷ மசாஜ்

2023 பெப்ரவரியில் அம்மாவின் வலது தோள் இறுகிப்போனது. கை தலைக்கு மேலே போகாது. தலை இழுக்க, சட்டை மாற்ற எல்லாத்துக்கும் ஆள் வேணும். சுகர் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்று சொல்லி டொக்டர் பிசியோவுக்கு அனுப்பினார். நாளாந்தம் பயிற்சி, செவ்வாயும் வெள்ளியும் நான் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவது. வெள்ளி பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வருகிற நாள் என்பதால் பிறகு செவ்வாய் மட்டும் நிலைத்தது.

தோள் திரும்பினதுக்குப் பெரும் பங்கு பயிற்சியும் காலமும்தான். மசாஜில் எங்களுக்குக் கிடைத்தது அம்மாவின் நித்திரை. அதுவும் முதல் எட்டு மாதம் கிடைக்கவே இல்லை.

உடம்பு பாயில் கிடக்கும், காது எழும்பி நிற்கும். "கேற் பூட்டினியா பிள்ளை?" "கேஸ் நிப்பாட்டினதா?" "ஆரோ கூப்பிட்ட மாதிரி இருக்கு." நான் கழுத்தடியைப் பிடிக்கப் பிடிக்க அது மறுபடி கல்லாகும். "அம்மா, கொஞ்சம் ரிலாக்ஸா இருங்கோவன்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அப்படிச் சொன்ன ஒரு நாளும் அவர் ரிலாக்ஸ் ஆகவில்லை. "இருக்கிறன்தானே" என்று இன்னும் விறைப்பார்.

சாமான்கள் வாங்கிப் பார்த்தேன். அதிர்கிற மசாஜ் மெஷின் மூன்று கிழமை ஓடியது. "தேங்காய்ச் சம்பல் அரைக்கிற சத்தம்" என்றார். இப்போது அது என் காலுக்கு. வாசனைத் தைலம் ஒன்று வாங்கினேன், நல்ல தைலம்தான். ஆனால் மூடியைத் திறந்ததும், "அம்மம்மா கடைசியாக் கிடந்த அறை மணக்குது" என்று முகத்தைத் திருப்பிவிட்டார். அதோடு நல்லெண்ணெய்க்கே வந்துவிட்டோம். பிறந்தநாளுக்கு உப்புவெளிப் பக்கம் ஒரு மசாஜ் இடத்துக்கும் கூட்டிப்போனேன். அங்கே உடுக்கக் கொடுத்த கடதாசி உடுப்பைப் பார்த்து அம்மா வெட்கப்பட்டுப்போனார். தேய்த்த பிள்ளையின் போன் இரண்டு தரம் அடித்தது. காசு கொடுத்து ஒரு மணித்தியாலம் விறைத்துக் கிடந்து வந்தார்.

எல்லாத்திலும் மோசமானது அலைச் சத்தம். கனடாவிலிருந்து தம்பி அனுப்பின சின்ன ஸ்பீக்கரில், மனதை அமைதிப்படுத்தும் ஒலி என்று இருந்ததைப் போட்டேன். கடல், அலை, தூரத்தில் பறவை. ஒரு நிமிஷம் இருக்காது, என் உள்ளங்கைக்குக் கீழே அம்மாவின் முதுகு பலகை மாதிரி ஆனது. மூச்சு மேலேயே நின்றது. "அதை நிப்பாட்டு" என்றார், அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26, போயா நாள், ஞாயிறு காலை. நாங்கள் அப்போது கரையோரத்தில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடினவர் அவர். திருகோணமலையில் இருந்துகொண்டு இது எனக்கு உறைக்காமல் போனதே என்று இன்றைக்கும் வெட்கம்.

அந்த அலைச் சத்தம் போட்ட இரவுதான் விளங்கியது. அம்மா பதற்றக்காரி இல்லை, காவல்காரி. தொண்ணூறுகளில் இரவில் படலைச் சத்தத்துக்கு எழும்பிப் பழகின காது, பிறகு கடலுக்கும் பழகிவிட்டது. அந்தக் காதுக்கு இன்னொரு சத்தத்தைக் கொடுத்தால் அதையும் சேர்த்துக் காவல் காக்கும். காவலை நான் வாங்கிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரிய வேணும். வாயால் சொன்னால் போதாது.

இப்போது நடைமுறை இதுதான். கேற்றை அம்மாவே பூட்டுவார். திறப்பைத் தலகணிக்குக் கீழே அவரே வைப்பார். குசினிக்குப் போய் கேஸையும் ஒருக்கால் தொட்டுப் பார்ப்பார். போன் என் மகளிடம். யார் எடுத்தாலும் "அம்மம்மா குளிக்கிறா" என்று சொல்ல வேணும். (பொய்தான். மகளுக்கு அது நல்ல விருப்பம்.) இதுக்கு ஏழெட்டு நிமிஷம் போகும். முந்தி அவசரப்படுத்துவேன். இப்போது அதையே மசாஜின் முதல் பகுதியாகக் கணக்கெடுக்கிறேன்.

எண்ணெயைக் கிண்ணத்தோடு சுடுதண்ணிக்குள் வைத்துத்தான் சூடாக்குவது. முதலில் என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு. சுகரால் அம்மாவின் பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது, அவர் "பரவாயில்லை" என்பதை நம்ப முடியாது. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அன்று காலைத் தொடவே மாட்டேன். இரத்தக்கட்டி இருந்தால் தேய்ப்பது ஆபத்து, அது டொக்டருக்குரிய வேலை.

கைவேகத்தில்தான் நான் கூடுதலாகப் பிழை விட்டது. தோலில் மெதுவான வருடலை உணர்வதற்கென்றே சில நரம்பு நார்கள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நகர்கிற கைக்குத்தான் அவை நன்றாக எழும்பும், 3 சென்ரிமீற்றர் அளவில் மிக நன்றாக. அம்மாவின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை 24 சென்ரிமீற்றர், அளந்தே பார்த்தேன். எட்டு விநாடி எடுக்க வேண்டிய தூரத்தை நான் இரண்டு விநாடியில் முடித்துக்கொண்டிருந்தேன், பாத்திரம் விளக்குகிற வேகம். எட்டு என்று எண்ணித் தேய்க்கத் தொடங்கினபோது எனக்கே அலுப்பாக இருந்தது. மூன்றாம் கிழமை அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது.

மற்றது, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. எண்ணெய் தொடும்போதும் ஒரு கை முதுகில் இருக்கும். கை விலகினால் "எங்க போறாய்?" என்று கண் திறக்கும். இடம் மாறும்போது "இடது கைக்கு வாறன்" என்று மெதுவாகச் சொல்லிவிடுவேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இதைச் சொன்னது. தொக்கணம் என்கிற சித்த மருத்துவ மசாஜில் ஒன்பது வகை இருக்காம். "முறுக்கல், இழுத்தல் எல்லாம் நீங்க தொடாதேங்கோ அக்கா, அழுத்தலும் பிடித்தலும் போதும்" என்றும் சொல்லிவைத்தது.

பேச்சு? முழு மௌனம் எங்களுக்குச் சரிவரவில்லை. சத்தமில்லாவிட்டால் அம்மா செத்தவர்களை எண்ணத் தொடங்கிவிடுவார். அதனால் அவர் கதைத்தால் "ம்" போடுவேன், கேள்வி மட்டும் கேட்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் தேடி மனம் எழும்பிவிடும். பெரும்பாலும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் கதை வரும்: ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றினதும், ஒவ்வொன்றிலும் சூடு மாறினதும். மூன்றாம் கிணறோ நாலாம் கிணறோ, அதோடு குரல் தேயும்.

எல்லாச் செவ்வாயும் இப்படி அமைவதில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எண்ணெயும் புழுக்கமும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் எரிச்சல். அப்போது பாதம் மட்டும், பத்து நிமிஷம். நான் அலுவலகக் கோபத்தோடு வந்த நாட்களில் கை சொல்லிக்கொடுத்துவிடும். "இண்டைக்கு விடு பிள்ளை" என்பார்.

போன செவ்வாய் இடது தோளில் இருந்தேன். கேற் கிறீச்சிட்டது. எங்கள் தெருவுக்கு மான்கள் வரும், மரக்கறித் தோலுக்காகக் கேற்றை மூக்கால் தள்ளும். என் கை நின்றது. அம்மா கண் திறக்கவில்லை.

"மானே?"

"மான்தான்."

"ம்" என்றார். திறப்பு தலகணியிலிருந்து நழுவிப் பாயில் கிடந்தது.