தம்பு செட்டி தெருவுல அப்பீல் பேப்பர் டைப் பண்ற கடை - எங்க அனுபவம்

சென்னை ஹைகோர்ட் பக்கம் கேஸ் பேப்பர் டைப் பண்ண எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். தம்பு செட்டி தெருவுல மாடியில ஒரு சின்ன டைப்பிங், ஜெராக்ஸ் கடை, ரெண்டு கம்ப்யூட்டர் ஒரு மெஷின் அவ்ளோதான். 5 ஸ்டார்.

என் தம்பி விசாரணைக் கைதி. ஜெயில்ல அடிச்சதுல இடது கை உடைஞ்சுது, 9 நாள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போகல. நஷ்டஈடு கேட்டு ரிட் (அரசு தரப்பு மேல நேரா ஹைகோர்ட்ல போடற மனு) போட்டோம், தனி நீதிபதி, அடிச்சாங்களா இல்லையாங்கிறதே தகராறா இருக்கு, சாட்சி விசாரிக்கணும், சிவில் கோர்ட்டுக்கு போங்கன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. அப்ப இருந்த வக்கீலும் அதோட போன் எடுக்கறத நிறுத்திட்டாரு.

ஆர்டர் காபிய ஜெராக்ஸ் போடத்தான் போனேன். கடைக்கார அண்ணன் தேதிய பாத்துட்டு "ஏம்மா, ரிட் அப்பீல் போடலையா? 30 நாள்தான், ஆனா காபிக்கு எழுதிக்குடுத்து வாங்கின நாள கழிச்சுப்பாங்க, இன்னும் டைம் இருக்கு"ன்னாரு. காசு இல்லண்ணேன்னு சொன்னேன். உள்ள இருக்கறவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு, கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் குழு ஆபீஸ் இருக்கு போன்னு சொல்லி மனுவையும் அவரே டைப் பண்ணி குடுத்தாரு, அதுக்கு காசு வாங்கல.

அங்க கிடைச்ச வக்கீல் மேடம் சொல்லச் சொல்ல இவர்தான் கிரவுண்ட்ஸ் (அப்பீலுக்கு சொல்ற காரணங்கள்) எல்லாம் டைப் பண்ணாரு. தம்பி தமிழ்ல எழுதின லெட்டர இங்கிலீஷ்ல மாத்தணும். "கை வீங்கி தூக்கமே இல்ல, அம்மாகிட்ட சொல்லாத"ன்னு எழுதிருந்தான், அத எப்படி மாத்திருக்காருன்னு வரிவரியா எனக்கு தமிழ்ல சொல்லி காமிச்சாரு, ஒரு வார்த்தை கூடவும் இல்ல குறையவும் இல்ல. ஜெயில் தரப்பு பதில் மனுல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதா சொன்ன தேதியும் ஓபி சீட்டு தேதியும் ஒத்து வரலங்கறத முதல்ல கவனிச்சதும் இவர்தான். அவங்க பேப்பரே சொல்றப்ப சாட்சி எதுக்குன்னு மேடம் அதையே முதல் கிரவுண்டா வெச்சுட்டாங்க.

வக்காலத்துல (வக்கீல நியமிக்கற பேப்பர்) தம்பி கையெழுத்துக்கு ஜெயில் அதிகாரிதான் சான்று போடணும். யார் மேல கேஸோ அவங்க சீலுக்கே காத்து நிக்கணும், வயிறு எரிஞ்சுது எனக்கு.

அன்னைக்கு அழுதுட்டு உக்காந்திருந்தப்ப மேடம் ஒரு தீர்ப்ப படிக்க குடுத்தாங்க. ஒடிசால மகன் போலீஸ் காவல்ல செத்துப்போனதுக்கு நீலபதி பெஹெராங்கிற அம்மா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுத, அதையே ரிட்டா எடுத்து 1993ல 1,50,000 ரூபா குடுக்க சொல்லிருக்காங்க, சிவில் கோர்ட்டுக்கு போன்னு அனுப்பல. அதுவும் அப்பீலோட குடுக்கற எங்க டைப்டு செட்ல (பேப்பர் கட்டுல) இருக்கு.

அப்பீல ரெண்டு நீதிபதிங்க பெஞ்ச் விசாரணைக்கு ஏத்துக்கிட்டு நோட்டீஸ் அனுப்ப சொல்லிருக்காங்க.

டைப்பிங் பக்கத்துக்கு 30 ரூபா வாங்குனாரு, பக்க நம்பர் போட்டு தைச்சு செட் செட்டா கட்டி குடுத்துடுவாரு. காலைல 9ல இருந்து பத்தரை வரை வக்கீல் கிளார்க்குங்க கூட்டம், மதியத்துக்கு மேல போங்க. படி ரொம்ப செங்குத்து, வயசானவங்க வந்தா கீழ இருந்து போன் பண்ணுங்க, எங்கம்மாவுக்கு அவரே இறங்கி வந்து வாசல்ல ஸ்டூல் போட்டு முழு அப்பீலையும் தமிழ்ல சொல்லிட்டுத்தான் மேல போனாரு.