கொம்தார் வரி கவுண்டர்: நாலு ஸ்டார்

பிப்ரவரி கடைசியில் போனால் கூட்டம் தாங்காது. நான் முன்கூட்டியே போய்விட்டேன். ஆயர் ஈத்தாமில் அம்மா பேரில் இருக்கும் பழைய கடைவீட்டுக்கு சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி கட்ட வேண்டும். பினாங்கின் கொம்தார் கட்டடத்தில் மாநகர் கழகக் கவுண்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்ததுதான் தெரியும், கூப்பிட்டுவிட்டார்கள். பேர் மாற்ற என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி ஒரு துண்டுத்தாளில் எழுதியே கொடுத்தது. வயசானவர்களை முன்னால் விடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து நாற்காலி அங்கிள் பஸ் லேட் என்று புகார் சொல்ல வந்திருந்தார். "அது எங்களிடம் இல்லை அங்கிள்" என்று பொறுமையாகத்தான் சொன்னார்கள். "ஒரு காலத்தில் பஸ்ஸும் கரண்டும் உங்க கையில்தானே?" என்றார், விடவில்லை. உண்மைதான். 1961 வரை மேல் கம்பியில் கரண்டு எடுத்து ஓடும் டிராலி பஸ்கூட ஓட்டினார்கள். கரண்டு 1976இல்தான் தேசிய மின்சார வாரியத்துக்குப் போனது.

குறைத்த ஒரு ஸ்டார் கவுண்டருக்காக இல்லை. வரி வாங்கும் கழகத்துக்கு நான் ஓட்டுப் போட முடியாதே, அதற்காக. 1857இலேயே நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் இந்த ஜார்ஜ்டவுன். 1957இல் மாநகரானது. தொடக்ககால மேயர்களில் ஒருவர் யார்? நம்ம டி.எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர். ஸ்காட் ரோட்டுக்கு இப்போது அவர் பேர்தான். 1965இல் இந்தோனேசியா மலேசியாவோடு நடத்திய மோதலைச் சொல்லித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருஷமே முடிந்தது, தேர்தல் வரவில்லை. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968இல் திரும்பக் கொண்டுவரச் சொல்லியும் பலனில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கதவையே சாத்தியது.

அரசியலமைப்பில் உள்ளாட்சி மாநில அரசுகளின் அதிகாரப் பட்டியலில்தான் இருக்கிறது. அதை நம்பி பினாங்கு சட்டமன்றம் 2012இல் தேர்தலுக்கென்று தனிச் சட்டம் போட்டது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. இன்றும் கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. சிலர் நன்றாக உழைக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தவணைக்கு அவர்கள் பார்க்க வேண்டியது கட்சியின் முகத்தை, என் முகத்தை இல்லை.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்காவோ, "உனக்காவது கவுன்சிலர் இருக்கார்டி" என்கிறாள். கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானது. அங்கே கவுன்சிலரே கிடையாது, ஓர் ஆலோசனை வாரியம் மட்டும். டத்தோ பண்டார் எனும் மேயரையும் மேலிருந்துதான் நியமிக்கிறார்கள்.

போகிறவர்கள் பழைய பில்லைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டாம் தவணைக்கு ஆகஸ்டு கடைசிவரை நேரம் உண்டு.