கார் வித்த பிறகும் ரூ.1,65,000 கட்டினேன்: ஆப்ல பழைய கார் விக்கிறவங்க படிங்க

நேத்து மக்கள் நீதிமன்றத்துல ரூ.1,65,000-க்கு டிடி கொடுத்துட்டு வந்தேன். கோபம் ஆறின பிறகு எழுதினா பாதி விட்டுப்போகும், அதனால இப்பவே எழுதறேன். விபத்து பண்ணினது என் பழைய வேகன் ஆர். ரெண்டு வருஷம் முன்னாலயே வித்துட்டேன். ஓட்டினவன் மூஞ்சியை கோர்ட்லதான் முதல்ல பார்த்தேன். ஆனா ஆர்.சி.ல, அதான் வண்டியோட பதிவுச் சான்றுல, இன்னும் என் பேர். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. அதனால பணத்தை நான் கட்டணுமாம்.

வாங்கினது மொபைல் ஆப் வழியா வீட்டுக்கே வந்து கார் எடுத்துட்டுப் போற கம்பெனி. பேரைக் கேட்காதீங்க. அவங்க மேல வழக்கு போடறோம், அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார்.

வந்த பையனைப் பார்த்தா யாரும் சந்தேகப்பட மாட்டீங்க. கழுத்துல ஐடி கார்டு, கையில டேப்லட், பெயிண்ட் அளக்க ஒரு மெஷின். செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ள வந்தான். அம்மா "காபி குடிச்சுட்டுப் போ சாமி"ன்னு உட்கார வச்சாங்க. விலை பேசி முடிச்சு, அரை மணி நேரத்துல பணம் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. அதுல ஆர்.சி. மாத்தறதுக்குன்னு தனியா ஒரு தொகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

வண்டியை வித்ததைத் தெரிவிக்கிற ஃபார்ம் 29, ஆர்.சி.ல பேர் மாத்தக் கேட்கிற ஃபார்ம் 30 ரெண்டையும் நீட்டினான். வாங்கறவர் பேர் எழுதற இடம் காலியா இருந்துச்சு. "இதென்ன தம்பி, யார் பேருக்குப் போகுதுன்னே இல்லையே?"ன்னு கேட்டேன். "அது ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போட்டுக்குவோம்ணா. ரெண்டு மாசத்துல ஆர்.சி. மாறிடும், உங்க நம்பருக்கே மெசேஜ் வரும். அதுக்குள்ள வண்டிக்கு என்ன ஆனாலும் கம்பெனி பொறுப்பு, பேப்பர்லயே இருக்கு பாருங்கண்ணா." பார்த்தேன், இருந்துச்சு. முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல. "எங்களுக்கு வண்டி கொடுத்தவங்க யாரும் கோர்ட் படி ஏறினதில்லண்ணா"ன்னு சிரிச்சான் பாருங்க, அந்த சிரிப்பு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

மெசேஜ் வரலை. சேலத்துல ஓவர் ஸ்பீடுன்னு ஒரு இ-சலான்தான் வந்துச்சு. ஆப்ல புகார் போட்டேன், மறுநாளே அபராதத்தைக் கட்டிட்டாங்க. அடடா, நல்ல கம்பெனின்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எப்ப கேட்டாலும் "புராசஸ்ல இருக்கு சார்"தான்.

அடுத்தது ஸ்டேஷன்லேர்ந்து போன். பல்லடம் ரோட்ல என் நம்பர் கார் ஒரு பால்காரரோட டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டை இடிச்சிருக்கு. அவருக்குக் கால் எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருந்தாங்க. நான் வித்தப்ப இருந்த பாலிசி எப்பவோ முடிஞ்சுபோச்சு, யாரும் புதுப்பிக்கலை. "வித்துட்டேன் சார்"னு டெலிவரி நோட்டைக் காட்டினேன். எஸ்.ஐ. பொறுமையாத்தான் கேட்டார், "வாஹன்ல, அதான் அரசாங்கத்தோட வண்டிப் பதிவுல, யார் பேர் இருக்கு? நீங்களே பாருங்க." அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவுல நோட்டீஸ்: அன்னிக்கு ஓட்டினது யாருன்னு ஓனர் சொல்லணுமாம். நான் எங்கே போய்ச் சொல்றது?

இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா அதே சட்டத்துல 196-வது பிரிவுல முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், சமயத்துல ரெண்டுமே. நிறைய பேர் அந்த 2,000-ஐ மட்டும்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நிஜமான அடி இழப்பீட்டு வழக்குலதான். பாலிசி உயிரோட இருந்திருந்தா, கை மாறின வண்டியா இருந்தாலும் 157-வது பிரிவுப்படி மூணாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடவே போயிருக்கும், பால்காரருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்திருக்கும். பாலிசி இல்லேன்னா ஓட்டினவனும் ஓனரும்தான் கொடுக்கணும். ஓனர்னா யாரு? ஆர்.சி.ல பேர் இருக்கிறவர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அந்தக் கார் வரிசையா பல கை மாறியிருந்துச்சு, ஆனாலும் பதிவுல பேர் இருந்த முதல் ஆள்தான் பொறுப்புன்னு தீர்ப்பு. வக்கீல் அதை எடுத்துக் காட்டினப்பவே எனக்குத் தெம்பு போயிடுச்சு. ஓட்டினவன் பேர்ல சல்லிக்காசு சொத்து இல்லை. தீர்ப்பாகி நான் கட்டலைன்னா, கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணலாமாம். அதான் ரூ.1,65,000-க்கு சமாதானமாப் போனோம். பால்காரர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இன்னும் அவரால கேனைத் தூக்க முடியலை. அவருக்குக் கிடைக்க வேண்டியதுதான். கொடுக்க வேண்டியவன் நான் இல்லை, அவ்வளவுதான்.

சரி, "கம்பெனி பொறுப்பு" என்னாச்சு? கஸ்டமர் கேர்ல "ஆர்.சி. டீம் கூப்பிடுவாங்க சார்". ஆர்.சி. டீம்ல "லீகல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்". லீகல் டீம்லேர்ந்து ஒரு மெயில்: நாங்கள் தளம் மட்டுமே, உங்கள் வாகனத்தை ஏலத்தில் வாங்கியவர் தனி டீலர், விதிமுறைகளில் காண்க. கண்டேன். எறும்பு எழுத்துல கடைசிப் பக்கத்துல இருக்கு. அந்த டீலர் நம்பர் கேட்டா, தனியுரிமையாம், தர மாட்டாங்களாம்! என் பேர், அட்ரஸ் மட்டும் சேலம் வரைக்கும் சுத்தலாம். வந்த பையன் போன் ஸ்விட்ச் ஆஃப். புகாரை அவங்களே மூடிட்டு, "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?"னு மெசேஜ் வேற.

இன்னொண்ணு வயிறு எரியுது. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து பழைய வண்டி டீலருக்குன்னே விதி இருக்கு. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கியிருக்கணும். வண்டி கைக்கு வந்ததும் ஃபார்ம் 29சி-யை போர்ட்டல்ல ஏத்தணும். ஏத்திட்டா அதுலேர்ந்து டீலர்தான் ஓனர் மாதிரி. என் வண்டிக்கு அதை யாரும் ஏத்தலை. ஒரு ஃபார்ம்! அதைப் போட்டிருந்தா என் ரூ.1,65,000 என்கிட்டயே இருந்திருக்கும். ஆர்.சி. மாத்தறதுக்குன்னு காசு பிடிச்சாங்க இல்லையா, அதை வச்சுத்தான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம்.

என்னென்ன செய்யணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியலை. இதை மட்டும் பிடிச்சுக்குங்க: காலி ஃபார்ம்ல கையெழுத்து வேண்டாம். 29சி நகல் கைக்கு வராம சாவி கொடுக்காதீங்க. தனி ஆளுக்கு வித்தா 14 நாளுக்குள்ள நீங்களே ஆர்.டி.ஓ.க்கு ஃபார்ம் 29 அனுப்பி, ஒப்புதல் சீட்டை பத்திரமா வைங்க. அஞ்சு வருஷம் முன்னால வித்த வண்டியா இருந்தாலும் இன்னிக்கு ராத்திரியே அரசாங்கத்தோட எம்பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பாருங்க, ஓனர் பேரையும் இன்சூரன்ஸ் தேதியையும். உங்க பேர் இன்னும் இருந்தா, காலையில முதல் வேலையா வித்த ஆதாரத்தோட ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதிக் கொடுங்க, நகல்ல சீல் வாங்காம வராதீங்க.