சிட்டிசன்ஷிப் நேரத்தில் மதுரைப் பயணம்: உறுதிமொழிக்கு முன்பா, பின்பா?

அமெரிக்கக் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட்டு, இன்டர்வியூவும் முடித்துவிட்டு, உறுதிமொழி எடுக்கும் தேதிக்குக் காத்திருக்கும்போதுதான் எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் அவள் மகனுக்கு மொட்டை, காதுகுத்து, ஆவணியில் நாள் குறித்தாயிற்று. "நீ வராம யாரு மடியில பிள்ளைய உக்கார வைக்கிறது, தம்பி?" என்றாள். இதற்கு மேல் என்ன பேச? போயே ஆக வேண்டும். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

இரண்டு வழி. ஒன்று, உறுதிமொழிக்கு முன்பே இந்தியப் பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் வைத்துக்கொண்டு வந்து திரும்புவது. இன்னொன்று, உறுதிமொழி எடுத்து, அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கி, இ-விசாவிலோ ஓசிஐ அட்டையிலோ (வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வருவது. நான் முதல் வழியில் வந்தேன். பெரியப்பா மகன் அண்ணன் இரண்டாவது வழியில் வந்தார். என்னைக் கேட்டால், ஊரில் தேதி தள்ள முடியாத காரியம் இருக்கிறவர்களுக்கு முதல் வழிதான்.

டிக்கெட் விலையில் வித்தியாசம் இல்லை. சென்னையில் இறங்கி பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தாலும் சரி, கொழும்பு வழியாக நேரே மதுரைக்கே வந்தாலும் சரி, எல்லாம் ஒன்றுதான். நிலத்தை நினைத்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விவசாய நிலத்தை விலைக்கு வாங்க வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியருக்கும் அனுமதி இல்லை, ஓசிஐ வைத்திருப்பவருக்கும் இல்லை. அப்பா சொத்து வாரிசாக வருவதற்கு இருவருக்கும் தடை இல்லை. ஆகவே வயலைக் காரணம் காட்டி முன்பா பின்பா என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

முடிவு செய்ய வேண்டியது உறுதிமொழிக்குப் பிறகு வரும் அந்தச் சில வாரங்களை வைத்துத்தான். அன்றைக்கு உள்ளே நுழையும்போதே மேஜையில் இருக்கும் அதிகாரி கிரீன் கார்டைக் கேட்டு வாங்கி ஒரு தட்டில் போட்டுவிடுவார், அது திரும்பி வராது. கையிலிருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இந்தியக் குடியுரிமை அத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறமும் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அமெரிக்கச் சட்டமும், தன் குடிமகன் தன் பாஸ்போர்ட்டில்தான் நாட்டைவிட்டுப் போகவும் வரவும் வேண்டும் என்கிறது. அப்போது மிச்சம் இருப்பது குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றுதான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதன் அசலையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் ஓர் உறையில் வரும், சான்றிதழ் வேறொரு உறையில் தனியாக வரும்.

அந்த இடைவெளி எவ்வளவு என்றால், சாதாரணமாக விண்ணப்பித்தால் நான்கு முதல் ஆறு வாரம், கூடுதலாக 60 டாலர் கட்டி அவசரமாகக் கேட்டால் இரண்டு முதல் மூன்று வாரம். தபாலில் போய் வரும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. பதினான்கு நாளுக்குள் பயணம் இருந்தால் பாஸ்போர்ட் ஏஜென்சியில் நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போகலாம், ஆனால் அந்த நேரம் கிடைப்பது நம் கையில் இல்லை. பாஸ்போர்ட் வந்த பிறகு இந்தியாவுக்கு விசா வேண்டும். இ-விசாவைக் குறைந்தது நான்கு நாளுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அது மதுரை விமான நிலையத்திலும் செல்லும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல விஷயம்.

அண்ணன் ஓசிஐ வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று இருந்தார். அதற்கு முதலில் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, குடியுரிமையைத் துறந்த சான்றிதழ் வாங்க வேண்டும், அது வந்த பிறகுதான் ஓசிஐ. அவர் மச்சினிச்சி கல்யாணத்துக்குத் திட்டமிட்டவர், மறுவீட்டு விருந்தும் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். என் ஓசிஐ இன்னும் வரவில்லை, அதனால் இந்தப் பகுதியை அவர் பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன். கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க விசாக் கவலை இல்லை என்பது அதன் பெரிய பலம்.

முதல் வழியில் சிக்கலே இல்லையா என்றால், இருக்கிறது. பல அலுவலகங்களில் இன்டர்வியூ நடந்த அன்றே உறுதிமொழியையும் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் டிக்கெட் போட்டிருப்பவருக்கு அது பெரிய இடி. ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, வேறொரு நாளில் வைத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போது அமெரிக்க வீட்டுக்கு உறுதிமொழி அழைப்பு வந்துவிட்டால், காரணத்தை எழுதி, என்-445 என்ற அந்த அழைப்புக் கடிதத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பி வேறு தேதி கேட்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை தகுந்த காரணம் இல்லாமல் போகாமலிருந்தால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் தபால் பெட்டியைப் பார்க்க அங்கே ஒரு ஆளை வைத்துவிட்டு வாருங்கள், ஆன்லைன் கணக்கையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். அதே என்-445இல், இன்டர்வியூவுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். போனேன் என்று மறைக்காமல் எழுதுங்கள். சில வாரப் பயணத்தால் ஒன்றும் ஆகாது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால்தான், குடியுரிமைக்குப் பார்க்கும் தொடர் வசிப்புக் கணக்கு உதைக்கும்.

நான் பயணத்தைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டேன். சீர்த்தட்டுகளும் கிடாயும் மேளத்தோடு முன்னே போக, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி இரண்டு காதிலும் புள்ளி வைத்துப் பார்த்து, ஒன்று சற்று மேலே இருக்கிறதென்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கம்பி இறங்கியபோது பிள்ளை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். உறுதிமொழியை முதலில் முடித்திருந்தால் அந்த வாரம் நான் அமெரிக்காவில் பாஸ்போர்ட்டுக்குத் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஊரில் குறித்த நாள் எதுவும் இல்லை, சும்மா அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு வரத்தான் என்றால் நான் சொன்னதைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். உறுதிமொழி, பாஸ்போர்ட், ஓசிஐ என்று வரிசையாக முடித்துவிட்டு நிதானமாக வருவதுதான் நிம்மதி.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிரீன் கார்டு வைத்துக்கொண்டு உங்களோடு வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, நீங்கள் உறுதிமொழி எடுக்கும் அன்றே தானாக அமெரிக்கக் குடிமகனாகிவிடும். அப்புறம் அதற்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வேண்டும், 16 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் முன்னாலேயே மதுரைக்குக் கிளம்பி வருவதாக இருந்தால், சம்மதப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறட்டும்.