ஏழாவது ஆண்டில் ஒரு பி450 கணினி: ஆடிக் காற்று வரை நல்லது

அம்பாசமுத்திரத்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, நான் சொல்லித்தானே அந்த போர்டை நீங்க வாங்கினீங்க? உங்களுக்கு விண்டோஸ் 11 ஓடுது, எனக்கு ஏறாதுங்குது. இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நியாயம் இருக்கிறது. அவர் 2018 இறுதியில் பி450 மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பூட்டப்படும் பலகை அது) ரைசன் 5 2400ஜி புராசஸரைப் பொருத்தினார். ஓராண்டு கழித்து, அவருடைய கணினியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, அதே வகைப் போர்டில் நான் அடுத்து வந்த 3400ஜி புராசஸரைப் பொருத்தினேன். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் புராசஸர்களின் பட்டியலில் 3400ஜி இருக்கிறது, 2400ஜி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் அவருக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. புராசஸரை மட்டும் மாற்றுவதா, எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதா என்பது அவருடைய கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், நான் மூன்று ஆண்டுகள் பட்ட ஒரு தொல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவன், வீடு தென்காசியில். 2019 அக்டோபரில் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி அங்கேயே பூட்டச் சொல்லி, கேபினெட்டைப் போர்வையில் சுற்றி, பொதிகை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். முதலில் எட்டு ஜிபி ரேம் ஒன்றுதான் போட்டிருந்தேன். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத 3400ஜி திரைக்கான வேலையையும் அந்த ரேமைக் கொண்டே செய்கிறது என்பதால், ஒற்றை ரேம் என்பது ஒற்றை மாட்டு வண்டிதான். மறு ஆண்டு அதற்கு இணையாக இன்னொன்றைப் போட்டதும், படங்கள் நிறைந்த அறுநூறு பக்கக் கோப்பைப் புரட்டும்போது இருந்த தயக்கம் போயிற்று. அதே ஆண்டு எம்.2 வகை எஸ்எஸ்டி ஒன்றும் சேர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறிய எவருக்கும் அந்த வேறுபாடு தெரியும்.

இந்தக் கணினியில் நான் எதிர்பாராத மகிழ்ச்சி, போர்டில் புராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்தான். 2017 மார்ச்சில் முதல் ரைசன்களோடு கடைக்கு வந்த அந்தச் சாக்கெட்டை 2020 வரை கைவிட மாட்டோம் என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் சொல்லியிருந்தது. 2020 மே மாதம், அடுத்த தலைமுறைப் புராசஸர்கள் பி450 போர்டுகளில் ஓடா என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் இரண்டு வாரத்துக்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கூச்சலில் என் குரல் இல்லை. பலன் மட்டும் வந்தது. 2023 பொங்கல் விடுமுறையில், நான்கு கோர் 3400ஜியைக் கழற்றிவிட்டு ஆறு கோர் 5600ஜியைப் பொருத்தினேன். போர்டு அதே, ரேம் அதே, கேபினெட் அதே. பழைய புராசஸரோடு வந்த குளிர்விப்பான், புதியதோடு வந்ததைவிடப் பெரியதாக இருந்தபடியால் அதையே மீண்டும் மாட்டினேன். பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடேற்றி, குளிர்விப்பானை மெல்லத் திருகிவிட்டுத் தூக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். குளிர்ந்த நிலையில் இழுத்தால், இறுகிய பசையோடு புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலிருக்கும் ஊசிகள் வளையும்.

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர், நான் நண்பருக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று ஊகித்திருப்பார். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேபினெட்டோடு இலவசமாகக் கிடைத்த எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, 2021 ஏப்ரலில் கருகிய வாடை வீசி உயிரை விட்டது. மலிவுச் சரக்கைத் திரும்ப வாங்கக் கூடாது என்ற வைராக்கியத்தில், 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கனத் தரச் சான்று, ஐந்தாண்டு உத்தரவாதம் கொண்ட நல்ல நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தருவித்தேன். கணினியில் நான் அதுவரை வாங்கியவற்றிலேயே உருப்படியான பொருள் அதுதான் என்று இரண்டு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஆனி பிறந்தது.

செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சாரல், குற்றாலம் என்ற அளவில்தான் தெரியும். எங்களுக்கு அது மின்கம்பியில் கிளை உரசும் காலம். அப்போது மின்சாரம் போவதில்லை, கண் சிமிட்டுகிறது. அரை நொடி இல்லாமற்போய் வந்துவிடும். மின்விசிறி சுற்று குறைவதற்குள் திரும்பிவிடும். ஒரு பிற்பகலில் பத்து முறைகூட இப்படி நடக்கும். 2020 ஆடியில் என் 600 விஏ யூபிஎஸ் இவை அத்தனையையும் ஒரு 'கீச்'சோடு கடந்துபோயிற்று. 2021 ஆனியில் அதே யூபிஎஸ், அதே கணினி, புதிய எஸ்எம்பிஎஸ்: முதல் சிமிட்டலில் யூபிஎஸ் கீச்சிட்டது, திரை கறுத்தது, கணினி முதலிலிருந்து கிளம்பியது. ஓர் அகராதியின் 'த'கர வரிசையில் நாற்பது நிமிட வேலை அதோடு போயிற்று.

யூபிஎஸ்ஸின் பேட்டரி கிழமாகிவிட்டது என்று பழுது பார்க்கிறவர் சொன்னார். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஏறத்தாழ 1,000 ரூபாய், மாற்றினேன். மறுநாளே கணினி மீண்டும் அணைந்து எழுந்தது. சுமை கூடுதல் என்று இன்னொருவர் சொன்னார். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கையில் 35 வாட், முழு வேகத்தில் 120 வாட்டுக்குச் சற்று மேல். யூபிஎஸ்ஸின் பின்புறத்தில் 600 விஏ என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் 360 வாட் என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கணக்குப்படியும் பாதிச் சுமைகூட இல்லை. பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகமாக இருக்கலாம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அதுவும் பிழை. யூபிஎஸ் மாறுவதற்கு 4 முதல் 8 மில்லி நொடி ஆகிறது; எஸ்எம்பிஎஸ் செய்கிறவர்களுக்கான அப்போதைய ஏடிஎக்ஸ் வழிகாட்டியோ, உள்வரும் மின்சாரம் நின்ற பிறகும் முழுச் சுமையில் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கச் சொன்னது.

காரணம் அலையின் வடிவத்தில் இருந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்றொரு சுற்று உண்டு. அது வீட்டு மின்சாரத்தின் வளைந்த அலையைப் பின்தொடர்ந்து, அந்த வளைவுக்கு ஏற்ற அளவில் மின்னோட்டத்தை இழுத்து, 400 வோல்ட் அளவுக்கு உயர்த்தி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்கும். மலிவான யூபிஎஸ் பேட்டரியிலிருந்து தருவது வளைந்த அலையன்று, படிக்கட்டு: சிறிது நேரம் சுழியத்தில் கிடந்துவிட்டு ஒரே தாவலில் மேலே ஏறும், பிறகு ஒரே தாவலில் கீழே விழும். சோறு போட்ட கை ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் நின்று நின்று போட்டால் பந்தியில் இருப்பவன் பறிக்கத்தானே செய்வான்; அப்படி ஒவ்வொரு தாவலிலும் எஸ்எம்பிஎஸ் மின்னோட்டத்தைப் பறித்து இழுக்கிறது, அந்த இழுப்பை மிகைச் சுமை என்று எண்ணி யூபிஎஸ் கடையைச் சாத்துகிறது. கருகிப்போன பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தச் சுற்றே இல்லை. எதைக் கொடுத்தாலும் தின்றது. நல்ல பொருளை வாங்கியதற்காகத்தான் நான் தண்டிக்கப்பட்டேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்: எல்லா யூபிஎஸ்ஸும் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸோடும் இப்படிச் சண்டையிடுவதில்லை. தெரிந்தவர் வீட்டில் இதே எஸ்எம்பிஎஸ் வேறொரு யூபிஎஸ்ஸோடு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இரண்டு பெட்டிகளிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வண்ண விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, எந்த அலையில் ஓடும் என்று எழுத இடமில்லாமற்போயிற்று.

இதனால் வேலையைவிட அதிகமாகக் கெட்டது என் பழக்கம். ஒரு பத்தி திருத்தினால் கை தானாகச் சேமிக்கும் விசையைத் தட்டும், இன்றும் தட்டுகிறது. காற்று ஓசை கேட்டால் பெரிய கோப்பைத் திறக்க மாட்டேன். 5600ஜி பொருத்துவதற்கு முன், போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பாதியில் மின்சாரம் போனால் போர்டே உயிரற்றுப்போகக்கூடிய வேலை அது. என் போர்டில் மீட்பதற்குரிய பொத்தானும் இல்லை. புராசஸரை ஐப்பசியிலேயே வாங்கிவிட்டு, மூன்று மாதம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, காற்றும் மழையும் இல்லாத தை மாத விடியற்காலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு அதைச் செய்தேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. குளித்தது எதற்கு என்று இப்போது விளங்கவில்லை.

தீர்வு 2024 ஆடியில், வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்தவரிடமிருந்து கிடைத்தது. எங்கள் இன்வெர்ட்டர் சைன் அலை தருவது. அதாவது வளைவான, முறையான அலை. 2021-லேயே கணினியை அதில் இணைத்துப் பார்த்து, அப்போதும் அணைந்து எழுந்ததால், 'இன்வெர்ட்டரில் கணினி ஓடாது' என்று எல்லோரும் சொல்வதை நம்பி விட்டுவிட்டேன். அவர் நீர் ஊற்றிக்கொண்டே, "பின்னாடி சுவிட்ச் எதுல இருக்கு?" என்று கேட்டார். பின்னால் சுவிட்ச் இருப்பதே எனக்குத் தெரியாது. அது சாதாரண நிலையில் இருந்தது. அந்த நிலையில் பேட்டரிக்கு மாற 40 மில்லி நொடி வரை ஆகலாம்; விளக்குக்கும் விசிறிக்கும் அது தெரியாது, கணினிக்குத் தெரியும். யூபிஎஸ் என்று எழுதியிருந்த பக்கம் தள்ளினால் அந்த இடைவெளி பத்து மில்லி நொடி அளவுக்கு வந்துவிடும். தள்ளினார். மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றி ஆறு முறை பார்த்தோம், கணினி அசையவில்லை. ஒன்பது ஆண்டுகளாக என் வீட்டுச் சுவரோரம் இருந்த பொருளின் பின்புறத்தை நான் பார்த்ததில்லை. அந்த எரிச்சலை யார்மீதும் காட்ட முடியவில்லை.

இப்போதைக்குக் குறை ஒன்றுதான். அந்த நிலையில் இன்வெர்ட்டர் நாசூக்காகிவிடுகிறது. மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வெளி மின்சாரத்தை ஏற்க மறுத்துப் பேட்டரிக்குத் தாவுகிறது. எங்கள் தெருவில் கோடைக்கால மாலைகளில் 170 என்பது அரிதன்று. ஆகவே விளக்கு எரியும் ஊரில் நான் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். பழைய யூபிஎஸ்ஸைச் சென்ற வாரம்தான் இரும்புக் கடையில் போட்டேன். உள்ளே நான் பணம் கொடுத்து வாங்கிய மூன்றாவது பேட்டரி இன்னும் நல்ல நிலையில்தான் இருந்தது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் புதிதாக வாங்கலாம் என்றால், ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டுகள், டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமை மட்டுமே ஏற்கும். ஏஐ தரவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் போய்க்கொண்டிருப்பதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், அதை வாங்கும் நாள் இதுவன்று. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனமே அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கையிலிருக்கும் பழைய வகை டிடிஆர்4 ரேமையும் பி450 போர்டையும் வைத்துக்கொண்டு 5600ஜி மட்டும் போட்டால் விண்டோஸ் 11 ஏறும், இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஓடும், செலவும் குறைவு. ஏழாவது ஆண்டிலும் என் கணினி வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணக்குப் போட்டால் விடை இதுதான்.

ஆனாலும் நான் அவரிடம் மடிக்கணினி வாங்கச் சொன்னேன். வேகம் குறைவாக இருக்கட்டும், ரேமைப் போர்டோடு ஒட்டியிருக்கட்டும், ஐந்தாண்டில் தூக்கிப் போடவும் நேரட்டும். பேட்டரியும் கணினியும் ஒரே நிறுவனம் செய்து ஒரே கூட்டுக்குள் வைத்தது, அலை வடிவத்தைப் பற்றி நாம் படிக்க வேண்டியதில்லை. அவர் சிரித்துவிட்டு, "அப்ப உங்க டெஸ்க்டாப்பை எனக்குக் கொடுத்துருங்க" என்றார். கொடுக்க மாட்டேன். அண்ணாச்சி, இதையெல்லாம் படித்த பிறகும் 5600ஜிதான் வாங்குவேன் என்று நிற்பீர்களானால், பயாஸ் வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். வைகாசிக் கடைசியில் காற்று இறங்கிவிடும்.