மழையில் இறுகும் கதவு: இழைப்பதா, கீலைப் பார்ப்பதா?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் வீட்டுக்கு வீடு இதே புகார்தான்: கதவு நிலையில் படியவில்லை, தாழ்ப்பாள் ஏறவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடலாம். இல்லை, கீலைக் கழற்றிச் சரிசெய்யலாம். இழைப்பது சீக்கிரம் முடியும், பலனும் அன்றைக்கே தெரியும். ஆனாலும் முதலில் கீலைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

எங்கே உரசுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஈரத்தில் மரம் அகலவாட்டில்தான் உப்பும். நீளவாட்டில் கூடுவது கண்ணுக்கே தெரியாது. ஆகவே பூட்டுப் பக்க ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உரசினால் காரணம் ஈரம். அந்தப் பக்கத்து மேல்முனை மட்டும் நிலையில் இடித்து, கீழ்முனை தரையைத் தேய்த்தால் கதவு இறங்கியிருக்கிறது. பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் ‘டக்’கென்று ஆடினால் சந்தேகமே வேண்டாம்.

கதவுக்கு அடியில் ஆப்பு செருகிப் பாரத்தைத் தாங்கவிட்டு, மேல் கீலின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஓட்டை தளர்ந்திருக்கும். பலரும் அதிலேயே தடித்த ஸ்க்ரூவை முடுக்குவார்கள். அதன் தலை கீல் குழிக்குள் அமராமல் துருத்தும், தகடுகள் ஒன்றோடொன்று சேராது. அதற்குப் பதில் மூங்கில் சிம்பை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் இறுக அடித்து, ஒரு இரவு காயவிட்டு, துருத்துவதை உளியால் வெட்டிவிடுங்கள். மெல்லிய டிரில்லால் துளை போட்டு, பழைய தடிமனிலேயே 2 அங்குல ஸ்க்ரூ போட்டால் நிலை மரத்தை ஆழமாகப் பிடிக்கும்.

மூடும் கடைசி அங்குலத்தில் கதவு திரும்ப எகிறுகிறதா? கீல் பதியும் பள்ளத்தை ஆழமாக வெட்டியிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையைத் தகட்டின் அளவுக்கு நறுக்கி அடியில் வைத்து முடுக்குங்கள். ஒவ்வொரு அட்டையாக வைத்து மூடிப் பார்க்க வேண்டும்.

இழைப்பதில் எனக்குள்ள பெரிய தயக்கம், சீவிய மரம் திரும்ப வராது என்பதுதான். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும்போது, சீவிய அளவும் அதோடு சேர்ந்து சந்து விழும். பூட்டின் நாக்கு நிலைத் தகட்டில் அரைகுறையாக ஏறும், காற்றடித்தால் கதவு கடகடக்கும். அந்தச் சந்தை மறைக்க ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி இறுகும். ஃபிளஷ் டோர் (இருபக்கமும் பிளைவுட் ஒட்டிய சமதளக் கதவு) என்றால் இன்னும் கவனம்: ஓரப்பட்டையைத் தாண்டிச் சீவினால் உள்மரம் வெளியே தெரியும்.

ஈரத்தால் உரசும் கதவுக்கு மழைக்காலம் முழுக்க ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மாசியிலும் உரசினால், கீலும் ஆடாமல் இருந்தால், இழைக்கலாம். நிலையில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறந்து, ஒட்டிய இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். எல்லாக் கதவுக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. தேக்கைவிட மலிவு மரங்கள் பொதுவாகக் கூடுதலாக உப்பும். மூடிய கதவைச் சுற்றி 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். மேல் ஓரத்தில் இழைப்புளியை முனையிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். வெளிநோக்கித் தள்ளினால் முனை பிளந்துவிடும்.

சீவிய இடத்துக்கு அன்றைக்கே பிரைமரோ வார்னிஷோ அடித்துவிட வேண்டும். பூச்சில்லாமல் வெறும் மரமாக விட்டால் அடுத்த மழையில் இன்னும் கூடுதலாக ஈரம் குடிக்கும். கண்ணில் படாது என்று பெயிண்டர்கள் விட்டுவிடும் மேல், கீழ் ஓரங்களுக்கும் கதவு கழன்றிருக்கும்போதே இரண்டு கோட்டிங் கொடுங்கள், பாத்ரூம் கதவின் அடிப்பக்கத்துக்கு முக்கியமாக.